உங்களுக்கு நீங்கள் கொடுத்த வாக்கு: தொடங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாதச் சீட்டுக் கட்டுகிறவர்கள் நிறையப் பேர். சம்பளம் பிந்தினாலும் சீட்டுக்காசு பிந்தாது. கைமாற்று வாங்கியாவது கட்டிவிடுவார்கள். அதே ஆள் "இந்த மாதம் தொடக்கம் விடிய எழும்பிப் படிப்பேன்" என்று தனக்குத் தானே சொன்னதை மூன்றாம் நாள் மறந்துவிடுவார். மன உறுதி போதாது என்று பழி சொல்வது சுலபம். ஆனால் சீட்டுக் கட்டும்போது அந்த உறுதி எங்கிருந்து வந்தது? சீட்டில் தொகை எவ்வளவு, எந்தத் தேதி, யார் கையில் கொடுப்பது, தவறினால் என்ன செய்வது என்ற நான்கும் முதல் நாளே பேசி முடிவாகிவிடுகின்றன. தனக்குக் கொடுத்த வாக்கில் இந்த நான்கில் ஒன்றும் கிடையாது. வெறும் விருப்பம்தான் இருக்கும்.

பரீட்சைக்குப் படிப்பது, நடப்பது, வேலையில் கவனமாக இருப்பது என எதுவானாலும் அந்த நான்கையும் வாக்குக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பதே இங்கே விஷயம். தேவையானவை ஒரு சீ.ஆர். கொப்பி, பேனை, போனைத் தவிர ஒரு சின்ன அலாரம் மணிக்கூடு. இதற்கென்று ஆப் எதுவும் வாங்கத் தேவையில்லை. ஆப்பைத் தேடி, இறக்கி, நிறம் மாற்றி அழகு பார்க்கும் வேலையிலேயே முதல் கிழமை போய்விடும்.

முதல் படி: வெட்டித் தள்ளுங்கள்

கொப்பியின் கடைசிப் பக்கத்தில், கடந்த ஒரு வருடத்தில் உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்டவற்றை எல்லாம் எழுதுங்கள். சிங்களம் நன்றாகப் பழகுவது, சீனியைக் குறைப்பது, ஊருக்குக் கிழமைக்கு இரண்டு தரம் போன் எடுப்பது, பட்டயக் கணக்காளர் பரீட்சையின் அடுத்த கட்டம், காலிமுகத்திடலில் நடப்பது, செலவுக் கணக்கு எழுதுவது. பதினைந்து நிமிடம் போதும். பெரும்பாலானவர்களுக்குப் பட்டியல் பத்தைத் தாண்டும்.

அதில் ஒன்றை மட்டும் வட்டமிடுங்கள். மற்றவை பிழையானவை என்பதற்காக அல்ல. அவை எல்லாம் வேலை முடிந்து வீடு வந்த பிறகு கிடைக்கும் அதே களைத்த இரண்டு மணித்தியாலத்தில்தான் வந்து நிற்கின்றன. ஆறு பேர் ஒரே கதவால் நுழையப் பார்த்தால் ஒருவரும் உள்ளே போகமுடியாது.

எதை வட்டமிடுவது என்பதற்கு ஒரு விதி மட்டும் உண்டு. நீங்கள் இரவில் ஆறு மணித்தியாலத்துக்குக் குறைவாகத் தூங்குகிறவர் என்றால் முதல் வாக்கு தூக்கம்தான், வேறு பேச்சில்லை. வளர்ந்தவர்களுக்கு 7 மணித்தியாலமாவது வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பொதுப் பரிந்துரை. 2003இல் வெளியான ஓர் ஆய்வில், 14 நாட்கள் தொடர்ந்து 6 மணித்தியாலமோ அதற்குக் குறைவாகவோ தூங்கவைக்கப்பட்டவர்களின் கவனமும் நினைவாற்றலும், ஒன்றிரண்டு இரவு அறவே தூங்காதவருடைய நிலைக்குச் சரிந்தன. அவர்களுக்கோ அது பெரிதாகத் தெரியவில்லை. தாங்கள் ஓரளவு சரியாகத்தான் இருக்கிறோம் என்றே எண்ணியிருந்தார்கள். "எனக்கு ஐந்து மணித்தியாலம் காணும்" என்று சொல்கிறவரின் சொல்லை அதனால்தான் நம்பக்கூடாது. சொல்கிறவர் நீங்களாக இருந்தாலும்.

இரண்டாம் படி: உண்மையான நேரத்தை அளவெடுங்கள்

வாக்குக் கொடுக்கும் முன் ஏழு நாள் எதையும் மாற்றாமல் நேரத்தைக் குறித்துவாருங்கள். எத்தனை மணிக்கு எழும்பினீர்கள், எப்போது வீட்டைவிட்டு இறங்கினீர்கள், எப்போது திரும்பினீர்கள், எப்போது படுத்தீர்கள் என்ற நான்கு வரி போதும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். வெள்ளவத்தையில் அறை எடுத்திருக்கிறார், கோட்டையில் வேலை, மாலையில் பரீட்சைக்குப் படிக்கவேண்டும். அலுவலகம் 8.30 முதல் 5.00 வரை. காலி வீதி நெரிசலில் பஸ்ஸில் வந்து இறங்கும்போது 6.15. குளித்துத் தேத்தண்ணி குடிக்க 7.00. சமையல், சாப்பாடு 8.00. யாழ்ப்பாணத்துக்கு அம்மாவுடன் பேச 8.30. படுக்கைக்கு முன் ஒன்றரை மணித்தியாலம் மிச்சம். ஐந்து நாளுக்கு ஏழரை மணித்தியாலம் என்று மனம் உடனே கணக்குப் போடும்.

குறிப்பைத் திறந்து பார்த்தால் கதை வேறு. ஒரு நாள் மாதக் கணக்கு முடிப்பு, வீடு வர 8.30. ஒரு நாள் பம்பலப்பிட்டியில் கலியாண வரவேற்பு. ஒரு நாள் சாப்பிட்டதும் தூங்கிவிட்டார். மிச்ச இரண்டு நாளிலும் போன் பார்த்ததில் நாளுக்கு அரை மணித்தியாலம் காணாமல் போனது. கையில் உண்மையாக நின்றது இரண்டு மணித்தியாலம்.

வாக்கை இந்த இரண்டின் மேல் கட்டவேண்டும், ஏழரையின் மேல் அல்ல. மனிதர்கள் தங்கள் வேலைக்கு எவ்வளவு நாள் பிடிக்கும் என்பதைக் குறைத்தே மதிப்பிடுவார்கள் என்பதை உளவியலாளர்கள் டானியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இலேயே எழுதினார்கள். 1994இல் வெளியான ஆய்வொன்றில், பல்கலைக்கழக இறுதி ஆண்டு மாணவர்கள் தங்கள் ஆய்வுக்கட்டுரை சராசரியாக 34 நாட்களில் முடியும் என்றார்கள். முடிய ஏறக்குறைய 56 நாட்கள் ஆயின. கெட்டிக்கார மாணவர்களுக்கே அந்த நிலை.

அளந்த நேரத்தின் முக்கால் பங்கை மட்டும் வாக்காக எடுங்கள். மேலே சொன்னவருக்கு அது கிழமைக்கு ஒன்றரை மணித்தியாலம், அதாவது அரை மணித்தியாலம் வீதம் மூன்று நாள். கேட்கக் கேவலமாக இருக்கும். ஆனால் பத்து மணித்தியாலம் என்று சொல்லி ஒன்றும் படிக்காததைவிட இது எவ்வளவோ மேல். மூன்று மாதத்தில் 18 மணித்தியாலத்துக்குக் கிட்ட வரும்.

மூன்றாம் படி: ஒரே வசனத்தில் எழுதுங்கள்

எந்த நாள், எந்த நேரம், எந்த இடம், என்ன செயல், எவ்வளவு, ஆகக் குறைந்தது எவ்வளவு என்ற ஆறும் ஒரே வசனத்தில் வரவேண்டும்.

"இனி ஒழுங்காகப் படிப்பேன்" என்பது வாக்காகாது. "தினமும் இரண்டு மணித்தியாலம் படிப்பேன்" என்பதும் அரைகுறைதான். எப்போது, எங்கே என்று இல்லை.

"திங்கள், புதன், வெள்ளி காலை 5.30க்கு, கேத்திலைப் போட்டதும், சாப்பாட்டு மேசையில் இருந்து கடந்தகால வினாத்தாளில் 3 கேள்வி செய்வேன். முடியாத நாளில் 1 கேள்வி." இதுதான் வாக்கு.

"கேத்திலைப் போட்டதும்" என்பதை விட்டுவிடாதீர்கள். மணிக்கூட்டைப் பார்த்து ஒரு வேலையைத் தொடங்குவதைவிட, ஏற்கெனவே தவறாமல் செய்துவரும் ஒரு செயலின் வாலில் கட்டிவிடுவது சுலபம். பல் விளக்கியதும், சாமிப் படத்துக்கு விளக்கு ஏற்றியதும், பஸ்ஸை விட்டு இறங்கியதும் என்று எதுவும் ஆகும். "இந்த நிலை வந்தால் இதைச் செய்வேன்" என்ற வடிவில் முன்கூட்டியே முடிவெடுத்தவர்கள் அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் பல வருடங்கள் ஆராய்ந்தவர். 2006இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, கிடைத்த பலன் நடுத்தரத்துக்கு மேல் என்று தெரிந்தது. காரணம் எளிது. நேரம் வந்ததும் "செய்யவா, விடவா" என்று யோசிக்கவேண்டியதில்லை. அந்த யோசனையில்தான் பெரும்பாலான வாக்குகள் விழுகின்றன.

செயலை எழுதுங்கள், பலனை எழுதாதீர்கள். "5 கிலோ குறைப்பேன்" என்பது உங்கள் கையில் இல்லை. "செவ்வாய், வியாழன், சனி காலை 5.45க்குச் சுதந்திரச் சதுக்கத்தில் 30 நிமிடம் நடப்பேன்" என்பது உங்கள் கையில் இருக்கிறது.

ஆகக் குறைந்த அளவு, காய்ச்சல் விட்ட மறுநாளும் செய்யக்கூடியதாக இருக்கவேண்டும். பத்து நிமிடத்தைத் தாண்டினால் அது பெரிது. ஒரு எச்சரிக்கை: ஒரே கிழமையில் இரண்டு தரம் குறைந்த அளவோடு நிறுத்தினால் முழு அளவைக் கூட்டி வைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அதைக் குறையுங்கள்.

நான்காம் படி: கொழும்பு என்ன செய்யும் என்று முன்பே எழுதிவையுங்கள்

திட்டம் தாளில் நன்றாக இருக்கும். பிறகு மழை வரும். வாக்குகள் தவறும் காரணங்களில் பெரும்பாலானவை யாருக்கும் முன்கூட்டியே தெரிந்தவைதான். அவற்றுக்குப் பதிலை அன்றைக்கே தேடாமல் இன்றைக்கே எழுதிவைக்கவேண்டும்.

மழை: ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடியோடு கொட்டும். ஏப்ரலிலும் அப்படித்தான். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. பின்னேர நடையை வாக்காக எடுத்தவர் ஒக்டோபரில் தோற்பது உறுதி, காலை நடைக்கு மாறுவதே நல்லது. கொழும்பில் வருடம் முழுவதும் ஏறத்தாழ 5.50க்கும் 6.25க்கும் இடையில் சூரியன் உதித்துவிடும். குளிர்நாட்டுக்காரரைப் போல மாதாமாதம் நேரத்தை மாற்றவேண்டிய தலையிடி நமக்கு இல்லை. காலையிலும் மழை என்றால் பதிலாக "மாடிப்படி 10 நிமிடம் ஏறி இறங்குவேன்" என்று எழுதுங்கள்.

விருந்தாளி: ஊரிலிருந்து உறவினர் வைத்தியசாலைக்கோ விமான நிலையத்துக்கோ வரும்போது உங்கள் வீட்டில்தான் தங்குவார்கள். சாப்பாட்டு மேசை உங்களுடையதாக இருக்காது. அந்த நாட்களுக்கு இடத்தை மாற்றி எழுதுங்கள்: வெள்ளவத்தையில் இருப்பவருக்குத் தமிழ்ச் சங்க நூலகம், கொழும்பு 7 பக்கம் வேலை செய்பவருக்குப் பொது நூலகம். இரண்டும் திறக்கும் நேரத்தை முதலில் நேரில் கேட்டு வைத்துக்கொண்டால் நேரத்தையும் சேர்த்து மாற்றிவிடலாம். இல்லாவிட்டால் அந்த நாளுக்குக் குறைந்த அளவு மட்டும் என்று முன்பே தீர்மானியுங்கள்.

கலியாணம், சாமத்தியவீடு, அந்தியேட்டி: அழைப்பிதழ் கைக்கு வந்த அன்றே கொப்பியைத் திறந்து, அந்த நாளின் வாக்கை வேறு நாளுக்கு மாற்றி எழுதுங்கள். முன்கூட்டி மாற்றினால் அது வாக்கை நகர்த்துவது. அன்றிரவு வந்து "இன்றைக்கு விடுவம்" என்றால் அது வாக்கை முறிப்பது. இந்த வித்தியாசத்தைக் கறாராக வைத்திருங்கள்.

மேலதிகாரியின் இரவு வாட்ஸ்அப்: ஒன்பது மணிக்குப் பிறகு வரும் செய்தியில் அவசரம் அரிதாகத்தான் இருக்கும், ஆனால் தூக்கத்தைக் கெடுக்க ஒன்றே போதும். "காலையில் பார்த்து அனுப்புகிறேன், சேர்" என்ற வரியை முன்பே தட்டச்சு செய்து வைத்திருங்கள். அனுப்பிவிட்டுப் போனை அடுத்த அறையில் சார்ஜ் போடுங்கள். அலாரம் மணிக்கூடு வாங்கச் சொன்னது இதற்காகத்தான்; போன்தான் அலாரம் என்றால் அது தலையணைக்குப் பக்கத்திலேயே கிடக்கும்.

தேத்தண்ணி: படுப்பதற்கு 6 மணித்தியாலம் முன்பு எடுத்த 400 மில்லிகிராம் கபேன்கூட (தேத்தண்ணியிலும் கோப்பியிலும் இருந்து தூக்கத்தை விரட்டும் பொருள்) ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தூக்கத்தைக் குறைத்தது என்று 2013இல் ஓர் ஆய்வு சொன்னது. பின்னேரம் குடிக்கும் ஒரு பிளேன்டீயில் அந்தளவு கிடையாது, பயப்படவேண்டாம். நாலு மணிக்கு ஒன்று, வீட்டுக்கு வந்து ஒன்று, புத்தகத்தோடு இரண்டு என்று போகிறவர்தான் பார்த்துக்கொள்ளவேண்டும். கடைசிக் கோப்பை நாலு மணிக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: முதல் நாள் இரவே மேசையைத் தயாராக்குங்கள்

மூன்று நிமிட வேலை. வினாத்தாளைச் செய்யவேண்டிய கேள்வியில் விரித்து வையுங்கள், கல்குலேட்டரும் பேனையும் மேலே. கேத்திலில் தண்ணீர் நிரப்பி வையுங்கள். நடக்கப் போகிறவர் சப்பாத்தையும் காலுறையையும் கதவடியில் வைக்கவேண்டும், அலுமாரிக்குள் அல்ல. விடிய 5.30க்குக் காலுறை தேடும் மனிதன் கட்டிலுக்குத் திரும்பிவிடுவான்.

ஆறாம் படி: குறிப்பு

கொப்பியில் ஒரு பக்கத்துக்கு ஒரு மாதம். வாக்கு உள்ள நாட்களை மட்டும் எழுதி, முழுதாகச் செய்தால் "மு", குறைந்த அளவு செய்தால் "கு", செய்யாவிட்டால் "இ". பக்கத்தில் காரணம் மூன்று சொல்லுக்கு மேல் வேண்டாம்: "மழை", "தூங்கிவிட்டேன்", "மாமா வந்தார்". காரணத்தை நீட்டி எழுதத் தொடங்கினால் அது வக்கீல் வாதமாகிவிடும்.

ஞாயிறு இரவு எண்ணுங்கள். மு, கு இரண்டும் காப்பாற்றியதாகவே கணக்கு. நான்கு கிழமை சேர்த்துப் பத்துக்கு எட்டுக்கு மேல் வந்தால் அளவைக் கொஞ்சம் கூட்டலாம், கால் பங்குக்கு மேல் கூட்டவேண்டாம். பத்துக்கு ஐந்துக்குக் கீழே போனால் அளவைப் பாதியாக்குங்கள். நேரத்தையும் இடத்தையும் மாற்றாதீர்கள். இரண்டுக்கும் இடையில் என்றால் அப்படியே விடுங்கள். இந்த எண்கள் அனுபவக் கணக்கு, வேதவாக்கு அல்ல. ஆனால் ஏதாவது ஓர் எல்லையை முன்பே வைத்திராவிட்டால், நன்றாகப் போன கிழமையில் உற்சாகத்தில் இரட்டிப்பாக்குவீர்கள். மோசமான கிழமையில் மொத்தமாக விடுவீர்கள்.

எத்தனை நாளில் பழக்கமாகும் என்று எல்லோரும் கேட்பார்கள். 21 நாள் என்று ஊரெல்லாம் சொல்வதை நம்பவேண்டாம். லண்டனில் ஃபிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரைத் தொடர்ந்து பார்த்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக வரும் நிலைக்குப் போக நடுவாக 66 நாட்கள் பிடித்தன. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபட்டது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. ஆகவே ஒரு "இ" வந்தால் கவலை வேண்டாம். அடுத்தடுத்து இரண்டு "இ" வராமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று தவறிய அடுத்த முறை குறைந்த அளவையாவது செய்தே ஆகவேண்டும்.

தவறிய நாளுக்கு ஈடாக மறுநாள் இரட்டிப்பாகச் செய்யாதீர்கள். ஆறு கேள்வி என்றதும் மறுநாள் உட்காரவே மனம் வராது. பிறகு ஒன்பது, பிறகு பன்னிரண்டு. கடன் ஏறி, கொப்பியே மூடப்படும். தவறியது தவறியதாகவே இருக்கட்டும்.

சாட்சி ஒருவர்

பத்துப் பேரிடம் சொல்லவேண்டாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "இந்த வருடம் பரீட்சை எடுக்கிறேன்" என்று போட்டதும் வாழ்த்துக்கள் குவியும், பாதி முடித்த மாதிரி ஒரு திருப்தி வந்துவிடும். கோல்விட்சர் குழுவினர் 2009இல் செய்த சோதனையிலும், தங்கள் நோக்கத்தைப் பிறர் கவனித்துவிட்ட சட்ட மாணவர்கள் அதற்காகக் குறைவாகவே உழைத்தார்கள்.

ஒருவர் போதும். வீட்டில் இருப்பவராக இல்லாமல் இருப்பது நல்லது. கணவனோ மனைவியோ என்றால் கேள்வி சண்டையாகிவிடும். கூட வேலை செய்பவர், பழைய பள்ளித் தோழி, ஒரு அண்ணன். ஞாயிறு இரவு எண்ணை மட்டும் அனுப்புங்கள். இப்படி இருந்தால் போதும்:

"அண்ணை, 3க்கு 1."
"எந்த ரெண்டு போச்சு?"
"புதனும் வெள்ளியும். கரண்ட் இல்லை."
"கரண்ட் இல்லாட்டி என்ன செய்யிறது எண்டு எழுதி வைச்சனியோ?"
"இல்லை."
"எழுதிப்போட்டுப் படம் எடுத்து அனுப்பு."

திட்டவும் இல்லை, ஆறுதலும் இல்லை. நல்ல சாட்சி இப்படித்தான் கேட்பார். "பரவாயில்லை, அடுத்த கிழமை பார்ப்பம்" என்பவர் நல்ல மனிதர், ஆனால் சாட்சியாக உதவமாட்டார்.

ஏழாம் படி: போயா தினத்தில் திறந்து பாருங்கள்

ஒவ்வொரு மாதமும் பௌர்ணமிக்கு விடுமுறை இருக்கிறது. அலுவலகம் இல்லை, வீதி நெரிசல் குறைவு. அன்று அரை மணித்தியாலம் ஒதுக்கி அந்த மாதப் பக்கத்தைப் பாருங்கள். எந்தக் காரணம் திரும்பத் திரும்ப வருகிறது? "தூங்கிவிட்டேன்" மூன்று தரம் என்றால் பிரச்சினை காலையில் இல்லை, முதல் நாள் இரவு 11.30இல் இருக்கிறது. "வேலை பிந்தியது" எப்போதும் மாதக் கடைசியில் வந்தால், அந்தக் கடைசிக் கிழமைக்குக் குறைந்த அளவை மட்டும் வாக்காக எழுதுங்கள்.

வாக்கை மாற்றுவது, குறைப்பது, கைவிடுவது எல்லாம் இந்த ஒரு நாளில் மட்டும் அனுமதி. முன்கூட்டி நகர்த்துவதும், மூன்றாம் படியின் குறைப்பும், ஆறாம் படியின் கூட்டலும் பாதியாக்கலும் வேறு. அவற்றுக்கு விதி ஏற்கெனவே இருக்கிறது. களைத்துப்போய்க் கட்டிலில் கிடக்கும்போது "இது எனக்குச் சரிவராது" என்று தோன்றினால், சரி, போயாவுக்குப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு அன்றைய ஒரு கேள்வியைச் செய்யுங்கள். போயா அன்று தெளிவான மூளையோடு யோசித்தும் வேண்டாம் என்றே பட்டால், கோடு போட்டு வெட்டித் தேதி எழுதிக் கைவிடுங்கள். அதில் வெட்கமில்லை. எழுதாமல், சொல்லாமல், தானாகக் கரைந்துபோக விடும் வாக்குகள்தான் அடுத்த வாக்கின் மதிப்பையும் குறைக்கின்றன.

தொடங்கும் நாளையும் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். ஏப்ரல் புத்தாண்டை ஒட்டிய இரண்டு கிழமை வேண்டவே வேண்டாம். பாதிப் பேர் ஊரில், மீதிப் பேர் கடைத்தெருவில். தைப்பொங்கலுக்கு அடுத்த திங்கள் நல்லது. அது தூரம் என்றால் வருகிற திங்களே தொடங்குங்கள், சுப நேரம் பார்க்கவேண்டியதில்லை.

இரண்டாவது வாக்கு எப்போது? முதலாவது தொடர்ந்து இரண்டு போயா தாண்டி பத்துக்கு எட்டில் நின்ற பிறகு. அதை நாளின் வேறு பகுதியில் வையுங்கள்: முதலாவது காலை என்றால் இது மதியச் சாப்பாட்டு இடைவேளையிலோ ரயிலில் இருக்கை கிடைத்ததும் என்றோ வரலாம். இரண்டாவதைத் தொடங்கியதும் முதலாவது சரியத் தொடங்கினால், அடுத்த போயாவுக்குக் காத்திருக்காமல் இரண்டாவதை நிறுத்துங்கள். இந்த ஒரு விலக்கை மட்டும் கொப்பியின் முதல் பக்கத்திலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.